குடியை விட்டவனுக்கு வயதாகும்போது

குடியை எப்படி நிறுத்துவது என்று சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேலாகி, தலை நரைத்து, பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வந்து சேர்ந்த பிறகு அதை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்று பேசுகிறவர்கள் குறைவு. "அவருக்கென்ன, எப்பவோ விட்டுட்டாரே" என்று வீட்டில் நினைக்கிறார்கள். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அறுபதைத் தாண்டிய பிறகு எனக்கு இது புது வேலையாகத்தான் இருந்தது.

முக்கியமான காரணம் ஒன்று உண்டு. என்னைக் குடிகாரனாகப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். மருமகன், சம்பந்தி, ஆஸ்பத்திரி டாக்டர், மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்று இப்போது என்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு நான் காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கிற மரியாதையான பெரியவர். என் கதை அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் அன்பாக எதையாவது நீட்டுகிறார்கள், எழுதித் தருகிறார்கள். அவர்களிடம் வாயைத் திறந்து சொல்வதுதான் இந்த வயதில் என் பெரிய வேலை. போன வருஷம் வலது முட்டியை மாற்றிக்கொண்டபோது இது எனக்கு நன்றாக விளங்கியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட ஆற்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் பெங்களூர் வந்த குடும்பம். தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகள் குடிக்காமல் இருக்க ஒருவருக்கொருவர் துணை நிற்கிற அமைப்பு. அதன் மரபுப்படி பெயர் போடவில்லை. நான் குடித்த காலத்தில் இங்கே பாக்கெட் சாராயம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். 2007 ஜூலையில்தான் கர்நாடகத்தில் அதற்குத் தடை வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவியும் மச்சானும் என்னை பெங்களூர் நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியின் போதை மறுவாழ்வுப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மனைவி கூடவே தங்கினாள். கை நடுக்கம், வியர்வை, சுவரில் எறும்பு ஊர்வது போல் தெரிவது எல்லாம் அங்கேதான் அடங்கியது. வெளியே வந்ததும் தமிழில் நடக்கும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். "நான் ஒரு குடிநோயாளி" என்று அங்கே சொல்லப் பழகினேன். அப்புறம் குடிக்கவில்லை.

வேலையில் இருந்தவரைக்கும் நாள் தானாகவே கட்டுக்குள் இருந்தது. ஷிஃப்ட், கேன்டீன் டீ, பஸ், வீடு, வாரக் கூட்டம். ஓய்வு பெற்ற மறுமாதம் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை என்ன செய்வது என்று தெரியவில்லை. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், மகன் வேலைக்குப் போய்விடுவான், மனைவி சற்றுக் கண்ணயர்வாள். மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். குடிக்க வேண்டும் என்று தோன்றியதா என்று கேட்டால், நேராக அப்படித் தோன்றவில்லை. "இனிமேல் யாருக்காக ஜாக்கிரதையாக இருக்கணும்" என்று ஒரு அலுப்பு வந்தது. ஏ.ஏ.வில் என் வழிகாட்டியாக இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கூட்டம் நடக்கிற பள்ளிக்கூட அறையின் சாவியை என்னிடம் கொடுத்து, பெஞ்சைத் துடைத்து டீ போட்டு வைப்பது இனி உன் பொறுப்பு என்றார். சாவி கையில் இருந்தால் போகாமல் இருக்க முடியாது. ரிடையர் ஆகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கடைசி வேலை நாளுக்கு முன்பே, நீங்கள் போகாவிட்டால் நடக்காது என்கிற மாதிரி ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வயதில் மறுபடி தொட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நம் மனசு பழைய கணக்கைத்தான் வைத்திருக்கிறது. வயதாக ஆக உடம்பில் தசையும் நீரும் குறைகின்றன. ஆல்கஹால் கரைவது அந்த நீரில்தான். அதனால் முப்பது வயதில் குடித்த அதே அளவு இப்போது ரத்தத்தில் அதிகமாக ஏறும். கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். சர்க்கரை குறையும்போது கல்லீரல்தான் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விட்டு ஈடுகட்டும். குடி அதைத் தடுக்கும். கூடவே சிலவகைச் சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் சடாரென்று இறங்கிவிடும். பல வருஷம் நிறுத்தியதில் பழைய தாங்கும் சக்தியும் போயிருக்கும். பழைய அளவை நினைத்துக்கொண்டு ஒருநாள் உட்கார்ந்தால் எழுந்திருப்போம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சரி, முட்டி விஷயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுவது தெரிந்தது. ஊசி, களிம்பு, நீ-கேப் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள். எனக்கு ஆபரேஷனைப் பற்றிப் பயமில்லை, அதற்குப் பிறகு வரும் மாத்திரைகளைப் பற்றித்தான் பயம். எங்கள் கூட்டத்தில் ஒருவர், "மாத்திரையே வேண்டாம்னு சொல்லிடு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கிக்கோ" என்று அறிவுரை சொன்னார். நல்ல மனுஷன்தான். ஆனால் ஏ.ஏ.வில் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்பது தெளிவான நிலைப்பாடு. அதனால் டாக்டரிடமே கேட்பது என்று முடிவு செய்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் மயக்க டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். என் மகள் வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்துமா உண்டா, பல்செட் உண்டா, சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா. நான் பதில் சொல்வதற்குள் "இல்லை" என்று எழுதப் பேனா போய்விட்டது. வெள்ளைச் சட்டையும் நெற்றியில் திருநீறுமாக ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "அங்கே 'இல்லை'ன்னு போடாதீங்க மேடம். நான் குடிநோயாளி. விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு" என்றேன். பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அன்றுவரை தெரியாது. எனக்குக் காது சுட்டது. அவர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அதற்கப்புறம் நடந்த பேச்சுதான் என்னைக் காப்பாற்றியது. என்ன குடித்தேன், எவ்வளவு காலம், நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, தூக்க மாத்திரை எடுத்ததுண்டா என்று நிதானமாகக் கேட்டார். கல்லீரல் பரிசோதனை ஒன்றைக் கூடுதலாக எழுதினார். இப்போதும் தினமும் குடிக்கிறவர்கள் அதை மறைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் படுப்பதுதான் தங்களுக்குப் பெரிய பயம் என்றார். குடி திடீரென்று நின்றுபோவதால் இரண்டாம் மூன்றாம் நாள் வார்டில் நடுக்கம் வந்து, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்பி, டிரிப்ஸைப் பிடுங்கி எறிவார்களாம். வீட்டுக்காரர்கள் மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்களாம்.

பல்லைக் கடித்துத் தாங்குவதைப் பற்றியும் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். வலி அடங்காவிட்டால் முட்டியை மடக்க முடியாது, தூக்கம் போகும், அந்தத் தவிப்பே பழைய பழக்கத்தில் கொண்டுபோய்விடும் என்றார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்க வைப்பது, தொடை நரம்புக்குத் தனியாக ஒரு ஊசி, பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுப்பது, அதற்கும் மேல் வேண்டியிருந்தால் மட்டும் டிரமடால், அதுவும் கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக் காட்டினார். டிரமடால் அபின் குடும்பத்தைப் போல வேலை செய்கிற மருந்து. பழக்கமாகிவிடும் என்பதால்தான் 2018இல் நம் நாட்டில் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். "மாத்திரை அட்டை உங்க கையில இருக்கக் கூடாது. வீட்டில யார்கிட்ட இருக்கும்னு இப்பவே முடிவு பண்ணுங்க" என்றார். இதுபோல் ஒரு டாக்டர் கிடைத்தது என் பாக்கியம்.

வெளியே வந்ததும் மருமகன் கேன்டீனில் இரண்டு காபி வாங்கி வந்தார். "மாமா, அன்னிக்கு வளைகாப்புல ரெட் ஒயின் ஊத்திக் கொடுத்தேனே, எதுவும் சொல்லாம வச்சிட்டீங்க. இதயத்துக்கு நல்லதுன்னு நினைச்சுதான்" என்றார். கொஞ்சமாகக் குடித்தால் நல்லது என்கிற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்கிற முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் மது 1988லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அதைவிட முக்கியமாக, எனக்கு ஒரு மிடறுகூட ஆகாது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் வீட்டு விசேஷங்களில் என் டம்ளரைத் தானே பார்த்துக்கொள்கிறார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி விவரமாக எழுத ஒன்றுமில்லை. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். நான் எதிர்பார்க்காதது வாசனை. கட்டில் காலில் ஒரு பாட்டில் மாட்டியிருப்பார்கள், கை துடைக்கும் ஸ்பிரிட் திரவம். நர்ஸ், ஆயா, டாக்டர், யார் வந்தாலும் அதை அழுத்திக் கையில் தேய்த்துக்கொண்டுதான் என்னைத் தொடுவார்கள். முகத்துக்கு நேரே அந்த ஆவி வரும். மரத்துப்போன காலோடு படுத்துக்கிடக்கிறவனுக்கு எழுந்து போகவும் வழியில்லை. முதல் நாள் சாயங்காலம் அந்த வாசனையில் வாயில் எச்சில் ஊறியது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் உடம்பு மறக்கவில்லை. ராத்திரி ஷிஃப்ட்டுக்கு வந்த கேரளத்து சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டிலைக் கழற்றிக் கதவுக்கு வெளியே மாட்டினார். எனக்கு மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, அப்படியே செய்தார்.

நரம்பு ஊசியின் வேகம் குறைந்த ராத்திரிதான் கஷ்டம். முட்டிக்குள் யாரோ திருகுவது போல் வலி ஏறிக்கொண்டே போனது. டிரமடால் கொடுத்தார்கள். வலி இறங்கியது, கூடவே உடம்பு லேசாகி ஒரு இதம் பரவியது. அந்த இதம் எனக்குத் தெரிந்த இதம். அடுத்த வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வலி குறைந்த பிறகும் பார்த்தேன். அப்போதுதான் போனை எடுத்து எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவனைக் கூப்பிட்டேன். ராத்திரி இரண்டு மணி. "சொல்லுங்கய்யா" என்று ஒரே மணியில் எடுத்தான். கடிகாரம் பார்க்கிற கதையைச் சொன்னேன். "காலையில டாக்டர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. இப்ப என்கூடப் பேசிக்கிட்டே இருங்க" என்றான். அவன் பையன் கணக்குப் பரீட்சையில் ஃபெயிலான கதையெல்லாம் பேசினோம். காலையில் டாக்டர் அளவைக் குறைத்து, ஐஸ் ஒத்தடத்தைக் கூட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டில் வேளை, மாத்திரை, யார் கொடுத்தது என்று எழுதினாள். அட்டையை எங்கே வைத்தாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இரண்டாவது வாரத்துக்குள் டிரமடால் நின்றது. பிரிக்காத அட்டையை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிச்சத்தை "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று அலமாரியில் வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்படி ஒரு அவசரம் தேவையில்லை.

அந்த நாட்களில்தான் சம்பந்தி பார்க்க வந்தார். சேலத்திலிருந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும், கூடவே இரண்டு பாட்டில் தசமூலாரிஷ்டமும். "உடம்பு வலிக்கு இதைவிட வேற கிடையாது சம்பந்தி. சாப்பிட்ட பின்னாடி ரெண்டு மூடி" என்று பாசமாகச் சொன்னார். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்கிறவை. அதில் தானாகவே ஆல்கஹால் உருவாகும், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து சதவீதம்வரை. லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். மருந்தைக் குறை சொல்லவில்லை. என் தாய்க்குப் பிரசவத்தில் கொடுத்ததும் அதுதான். ஆனால் எனக்கு அது பீர் பாட்டிலுக்குச் சமம். சில இருமல் மருந்துகள், ஹோமியோபதி திரவ மருந்துகள், சில வாய் கொப்பளிக்கும் மருந்துகள் எல்லாம் இதே கணக்குத்தான். சம்பந்தியிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பாட்டிலை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க அண்ணனும் இப்படித்தான் போனார்" என்றார். அதுவரை அந்த அண்ணன் மாரடைப்பில் போனதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

தூக்கம் இன்னொரு பெரிய விஷயம். வயதானால் தூக்கம் லேசாகிவிடும், விடியுமுன்பே முழிப்பு வந்துவிடும். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் மோசம். பக்கத்து கிளினிக்கில் ஒரு டாக்டர், பெயர் வேண்டாம், நான் சொல்லி முடிப்பதற்குள் அல்பிரசோலம் எழுதினார். "பழைய குடிநோயாளி சார்" என்று சொன்னேன். "அதான் விட்டாச்சே" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். இந்த வகைத் தூக்க மாத்திரையும் ஆல்கஹாலும் மூளையில் ஒரே பூட்டைத் திறக்கிற இரண்டு சாவி. குடியை நிறுத்த வைக்கும்போது டாக்டர்கள் இதே குடும்பத்து மருந்தைக் கொடுத்துத்தான் நடுக்கத்தை அடக்கி, படிப்படியாகக் குறைப்பார்கள். அதையே தூக்கத்துக்கென்று மாதக்கணக்கில் விழுங்கினால் என்னைப் போன்றவன் வேறு கடையில் கணக்குத் திறந்த மாதிரிதான். வயதானவர்களுக்கு ராத்திரியில் தலைசுற்றி விழுகிற ஆபத்தும் உண்டு. அந்தச் சீட்டுக்கு நான் மாத்திரை வாங்கவே இல்லை. மத்தியானத் தூக்கத்தை நிறுத்தினேன். நான்கு மணிக்கு மேல் காபி கிடையாது. முழிப்பு வந்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து உட்கார்ந்து கூட்டத்துக் கணக்கு நோட்டை எழுதுவேன். சரியாக மூன்று மாதம் பிடித்தது. இப்போது மூன்றரைவரை தூங்குகிறேன். அது எனக்குப் போதும்.

சாவு வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வயதில் கல்யாணத்தைவிடச் சாவுக்குத்தான் அதிகம் போகிறோம். எங்கள் பக்கம் வாசலில் ஷாமியானா போட்டுப் பறை முழங்கும்போது பக்கத்துச் சந்தில் நைன்டி என்கிற 90 மில்லி மது டெட்ரா பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் சுற்றும். கூட வேலை பார்த்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டிஃபன் பாக்ஸ் திறந்தவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார்கள். சந்திலிருந்து ஒருவன் வந்து தோளில் கை போட்டு அழுகிறான். அவன் வாயிலிருந்து அந்த வாசனை வருகிறது. துக்கமும் வாசனையும் சேர்ந்து வருகிற அந்த நேரம், என் அனுபவத்தில் எந்தக் கொண்டாட்டத்தையும்விட ஆபத்தானது. நான் இப்போது காலையிலேயே போய் மாலை போட்டுவிடுகிறேன். வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பிணம் எடுக்கிற நேரத்துக்கு நேராகக் கல்பள்ளி மயானத்துக்குப் போய்க் காத்திருப்பேன். கையில் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி இருக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

என் வழிகாட்டியும் அப்படித்தான் போனார், கொரோனாவின் இரண்டாவது அலையில். அவருக்கு மாலைகூடப் போட முடியவில்லை. கூட்டங்கள் அப்போது போன் திரையில் நடந்தன. 2020 மே 4ஆம் தேதி கர்நாடகத்தில் மதுக்கடைகளைத் திறந்தபோது தெருமுனைவரை நின்ற வரிசையை ஜன்னலில் பார்த்துவிட்டு, உடனே திரையில் வந்து உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். ஜூமில் எப்படி நுழைவது, மைக்கை எப்படி மூடுவது என்று போனிலேயே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவன்தான் மேலே சொன்ன தம்பி. பெரியவர் போன பிறகு யாரை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது என்று வெகுநாள் யோசித்தேன். என் வயதுக்காரர்கள் ஒன்று போய்விட்டார்கள், இல்லை காது கேட்பதில்லை. கடைசியில் அந்தத் தம்பியிடமே கேட்டேன். அவனுக்கு என் மகன் வயது. "நான் எப்படிங்கய்யா உங்களுக்கு" என்று தயங்கினான். அவனிடம் என் அகங்காரத்தையும் பயத்தையும் சொல்வது முதலில் எனக்கும் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. படியேற முடியாத பழைய உறுப்பினர்களுக்காக வாரத்தில் ஒரு கூட்டத்தை இன்னும் போனிலேயே நடத்துகிறோம்.

மாடி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க விசேஷத்துக்கு விசேஷம் ஒரு பெக் என்ற அளவோடு இருந்தவர். மனைவி இறந்த பிறகு மத்தியானமே ஆரம்பித்துவிட்டார். வயதான பிறகு இப்படிக் குடிநோய்க்குள் வருகிறவர்கள் இருக்கிறார்கள், வெளியே தெரிவதில்லை. தள்ளாடினால் வயசு, மறந்தால் வயசு, குளியலறையில் விழுந்தாலும் வயசு என்று வீட்டில் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் விஷயம் புரிந்ததும் எல்லா பாட்டிலையும் கழிவறையில் கொட்டிக் கதவைப் பூட்டப் போனாள். நான் தடுத்தேன். தினமும் குடிக்கிறவருக்குத் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு புத்தி பேதலித்து உயிருக்கே ஆபத்தாகலாம். வயதானவர்களுக்கு இன்னும் மோசம். வீட்டில் வைத்துச் செய்கிற காரியமே இல்லை.

அடுத்து அந்தப் பெண், குடியை நிறுத்தும் பொடியைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று சுவரில் விளம்பரம் பார்த்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குப் பதறியது. அப்படி விற்கிற பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கிற டைசல்பிரம் மாதிரியான மருந்தாக இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ள பெரியவர் அதில் செத்தே போகலாம். நானும் ஆரம்பத்தில் அந்த மாத்திரையை எடுத்தவன்தான், ஆனால் தெரிந்து, கையெழுத்துப் போட்டு, டாக்டர் பார்வையில். மகளும் நானும் பேசி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதலில் தயமின் ஊசி போட்டார்கள். பி1 வைட்டமின் அது. குடிநோயாளிக்கு அது வற்றிப்போனால் மூளை கெடும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் போதை மறுவாழ்வுக்கான 14446 என்ற எண்ணையோ, மனநல உதவிக்கான டெலிமனஸ் 14416 எண்ணையோ கூப்பிடலாம். இரண்டும் இலவசம்.

அவர் இப்போது சில வாரம் கூட்டத்துக்கு வருகிறார், சில வாரம் வருவதில்லை. வராத அன்று நான் மாடி ஏறுகிறேன், ஒரு படிக்கு ஒரு கால் என்று. 1935இல் அமெரிக்காவில் ஏ.ஏ. பிறந்ததே ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியைத் தேடிப்போய்ப் பேசியதில்தான். தேடிப்போனவருக்கு அன்றைக்குக் குடிக்காமல் இருக்க அது தேவைப்பட்டது. எனக்கும் அப்படித்தான். அவர் குடிக்காமல் இருக்கிறாரோ இல்லையோ, அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து செஸ் ஆடுகிற அந்த மத்தியானங்களில் எனக்கு எந்த அலுப்பும் வருவதில்லை.

கடைசியாக ஒரு பயம். அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் நினைவு தப்பிவிட்டது. அப்பா இறந்ததை மறந்து தினமும் சாயங்காலம் அவரைத் தேடுவாள். எனக்கும் அப்படி ஆனால் நான் மறப்பது என்னவாக இருக்கும்? குடியை விட்டதையே மறந்துவிட்டால்? ஒருநாள் எழுந்து "ஒரு நைன்டி வாங்கிட்டு வா" என்று பேரனிடம் கேட்டால், பாவம் கிழவன் ஆசைப்படுகிறான் என்று யாராவது கொடுத்துவிட்டால்? இதை யோசித்துப் பல ராத்திரி விழித்திருக்கிறேன். பிள்ளைகளை உட்கார வைத்துச் சொன்னேன். மகள் அழுதாள். மகன், "எழுதிக் கொடுங்கப்பா" என்றான்.

எழுதிக் கொடுத்தேன், ஒரே ஒரு தாள். நான் குடிநோயாளி. எந்த வடிவத்திலும் மது கொடுக்கக் கூடாது, அரிஷ்டம், டானிக், கேக்கில் ஊற்றுவது உட்பட. தூக்க மாத்திரையோ அபின் வகை வலி மாத்திரையோ தேவைப்பட்டால் டாக்டரிடம் இந்தத் தாளைக் காட்டிவிட்டு, குறைந்த நாளுக்கு, வேறொருவர் பொறுப்பில். வலிக்கு மருந்தே கொடுக்காமலும் விட வேண்டாம். நினைவு தப்பி நானே கேட்டாலும், கேட்பது நானில்லை என்று எடுத்துக்கொள்ளவும். மகன் அதைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொண்டான், மருமகனுக்கும் அனுப்பினான். தம்பியிடம் ஒரு பிரதி இருக்கிறது.

இடது முட்டிக்குத் தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதே மயக்க டாக்டர்தான் வருவாராம். இருந்தாலும் ஆஸ்பத்திரி ஃபைலில் முதல் பக்கமாக அந்தத் தாளைக் குத்தி வைத்துவிட்டேன். என் கையெழுத்துக்குக் கீழே மனைவி ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: மாத்திரை அட்டையை என்னிடம்தான் கொடுக்க வேண்டும்.